நாலாம் மேசைக்கு வரும் நீராவி

“...அதையேதான் நானும் கேக்கறேன். இது பாய்லர் ரூமா, இல்ல கல்யாண வீட்டுச் சமையக்கட்டா? ஆளாளுக்கு ஒரு டப்பா. ஒருத்தி சாப்பாட்டக் கொண்டாந்து பைப்பு மேல வைக்கறா, ஒருத்தி ஈர சாக்ஸ காயப் போடறா. நேத்து ஒருத்தி குடைய விரிச்சு வச்சிட்டுப் போயிட்டா, காயட்டும்னு. கம்பி பட்டு கேஜ் கண்ணாடி ஒடைஞ்சா யாரு பதில் சொல்றது? குடையா வந்து சொல்லும்? சரி சரி, நீ குடு இப்படி. உன் டப்பா சின்னதுதான். நான் வேண்டாம்னு சொல்லலம்மா... கேட்டுட்டு வைக்கணும். அவ்வளவுதான். நீ கேட்டியா? கேக்கல. ஆனா நின்னே. நின்னாலே கேட்ட மாதிரிதான். உக்காரு.”

அவள் டப்பாவைச் சூடு பண்ண வரவில்லை. சாப்பாட்டு மணி அடித்ததும் கையில் இருந்ததை அப்படியே தூக்கிக்கொண்டு ஓடி வந்துவிட்டாள். வந்த விஷயம் வேறு. அதைப் பாய்லர்காரரிடம் சொல்வதற்குள் டப்பா கையை விட்டுப் போய் பைப்பு மேல் உட்கார்ந்துவிட்டது. வேறு வழியில்லாமல் அவளும் ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

ஓட்டல்களுக்குத் துணி வெளுத்துக் கொடுக்கும் சலவைக்கூடம் அது. படுக்கை விரிப்பு, மேசை விரிப்பு, தலையணை உறை எல்லாம் மூட்டை மூட்டையாக அழுக்காக வந்து வெள்ளையாகத் திரும்பிப் போகும். தேய்க்கிற ஹாலில் வரிசையாக நாலு மேசை. நாலுக்கும் நீராவி இந்த பாய்லர் அறையிலிருந்துதான் பைப்பில் போகிறது. அவள் நாலாம் மேசை, வரிசையில் கடைசி. அவள் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்தே அவள் தேய்க்கும் விரிப்புகளில் மட்டும் பழுப்புப் புள்ளிகள் விழுந்துகொண்டிருந்தன. கடுகு சிதறின மாதிரி, ஒரு ஓரத்தில் நாலு, நடுவில் ரெண்டு. கையைக் கழுவிக் கழுவிப் பார்த்தாள். மேசைத் துணியை மாற்றிப் பார்த்தாள். புள்ளி விழுவது நிற்கவில்லை.

இன்று காலையில் ஓட்டலிலிருந்து ஒரு மூட்டை முழுதாகத் திரும்பி வந்துவிட்டது. சாப்பாட்டு நேரம் முடிந்ததும் முதலாளி ஹாலுக்கு வருவார், வந்து உன்னைப் பற்றி ஒரு முடிவு சொல்வார் என்று சூப்பர்வைசரம்மா சொல்லிவிட்டாள். என்ன முடிவு என்பதில் அந்தம்மாள் சந்தேகம் எதுவும் மிச்சம் வைக்கவில்லை.

வேலை போனால் இன்னொரு வேலை என்று மற்றவர்கள் சொல்லலாம். அவள் சொல்ல முடியாது. அவள் மகன் நடக்க ஆரம்பித்தும் ஆரம்பிக்காத வயசு. அவள் வீட்டுக்காரன் லாரியில் ஏறினால் எப்போது இறங்குவான் என்று அவனுக்கே தெரியாது. பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் கிடையாது. கேட்ட இடத்திலெல்லாம், பிள்ளை என்றதும் முகம் மாறியது. இங்கே மட்டும்தான், கூட்டிக்கிட்டு வா, மடிக்கிற ரூமில் ஒரு மூலையில் இருக்கட்டும் என்றார்கள். அவன் இப்போதும் துண்டுக் கூடைக்குள் தூங்கிக்கொண்டிருந்தான், துவைத்த துண்டுகளின் சூட்டில், கோழிக்குஞ்சு மாதிரி.

மூணாம் மேசை அக்காதான் யோசனை சொன்னாள். நீராவியில் ஏதோ கோளாறு, பொண்ணு மேல தப்பில்ல என்று பாய்லர்காரர் ஒரு வார்த்தை சொன்னால் முதலாளி நம்புவார், ஹாலில் யார் சொன்னாலும் நம்ப மாட்டார் என்றாள். பாய்லர்காரர் கெட்டவர் இல்லை, ஆனால் பேச ஆரம்பித்தால் குறுக்கே போகாதே, கோபம் வந்துவிடும். அவராக மூச்சு வாங்கி, என்ன விஷயம்மா என்று கேட்பார், அப்போது சொல் என்றாள்.

அதனால் அவள் அவர் மூச்சு வாங்கக் காத்திருந்தாள்.

அவர் அதற்குள் டப்பாவை விட்டு முழங்காலுக்கு வந்திருந்தார். பாய்லர் சத்தம் போடுவதற்கு முன்னாலேயே அவர் முழங்கால் சத்தம் போடுகிறதாம். டாக்டரிடம் போனாராம். டாக்டர் படி ஏறாதீங்க என்றாராம். டாக்டரின் அறையே மாடியில் இருந்ததாம். இதை எடுத்துச் சொன்னதற்கு, அடுத்த தடவை வரும்போது பார்ப்போம் என்றாராம். அடுத்த தடவை எப்படி வருவது என்று இவர் கேட்டாராம், டாக்டர் அடுத்த ஆளைக் கூப்பிட்டாராம்.

முழங்காலிலிருந்து மருமகன். அந்தப் பையனுக்கு வாயில் ஏதோ அடைப்பு என்பது இவருடைய கருத்து. என்ன கேட்டாலும் ம் என்கிறானாம். சாப்பிட்டாயா, ம். சாப்பிடவில்லையா, அதற்கும் ம். ஒரு வீட்டில் ஒரு ஆள் பேசாமல் இருந்தால் மற்றவர்கள் எல்லாம் அவனுக்கும் சேர்த்துப் பேச வேண்டியிருக்கிறது, தொண்டை என்னத்துக்கு ஆகும் என்றார். இதைச் சொல்லும்போது அவர் தொண்டையைச் செருமினார். அவள் வாயைத் திறந்தாள். பாய்லர் ஒரு பெருமூச்சு விட்டது. அவர் அதைத் திரும்பிப் பார்த்து, இதுவாவது பரவாயில்லை, ம் என்று சொல்லவில்லை என்றார். அப்படியே தன் மனைவிக்குப் போய்விட்டார்.

மனைவிக்கு வடிகட்டும் வியாதியாம். குழாய் வாயில் ஒரு துணி கட்டுவாளாம். அதில் பிடிக்கும் தண்ணீரைக் குடத்தில் ஊற்றும்போது குடத்து வாயில் இன்னொரு துணி. குடத்திலிருந்து டம்ளருக்கு வரும்போது ஒரு வடிகட்டி.

“மூணு தடவ வடிகட்டிட்டு, ஏன் தண்ணி நூலு மாதிரி வருதுன்னு எங்கிட்டயே கேக்கறா. அந்தத் துணிய அவுத்துப் புழிஞ்சா அதுலயே ஒரு சொம்பு தண்ணி இருக்கும்மா... நான் சொன்னேன், நீ தண்ணியக் குடிக்கல, துணியத்தான் குடிக்கறே. மூணு நாளு பேசல. எனக்கும் கொஞ்சம் நிம்மதியாத்தான் இருந்துச்சு, அது வேற விஷயம்.”

இப்படித்தான் வடிகட்டிப் பேச்சு வந்து சேர்ந்தது. அவளுக்கு ஒரு சின்ன நம்பிக்கை வந்தது. பைப்பு பக்கமாகப் பேச்சு திரும்பினால், நீராவி பக்கம் வரும். நீராவி வந்தால், நாலாம் மேசை வரும். ஸ்டூலில் கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள்.

அவர் எழுந்து, சுவரை ஒட்டி ஓடிய நாலு பைப்புகளைக் காட்டினார். ஒவ்வொன்றிலும், மரத்தில் ஒரு கிளை வெட்டிய மாதிரி, ஒரு குட்டையான துண்டு சாய்ந்து நின்றது. நுனியில் கனமான மூடி. அதுதான் வடிகட்டியாம். நீராவி என்றால் சுத்தமானது என்று எல்லாரும் நினைக்கிறார்களாம். நீராவி சுத்தம்தான், அது வருகிற வழி சுத்தமில்லையே என்றார். பைப்பு உள்ளுக்குள்ளே துருப்பிடிக்கும், செதில் செதிலாக உதிரும். மரையில் கசியாமல் இருக்கச் சுற்றின நூல் பிரியும், பற்றவைத்த இடத்தில் மணி மணியாக இரும்பு உட்கார்ந்திருக்கும். எல்லாவற்றையும் நீராவி தள்ளிக்கொண்டு போகும். அந்த மூடிக்குள்ளே ஒரு சல்லடைக் குழல் இருக்கும், நீராவியை விட்டுவிட்டு மற்றதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நம்ம மூக்கு முடி மாதிரி என்று தன் மூக்கையும் காட்டினார்.

பாய்லருக்குத் தண்ணீர் வரும் பைப்பில் இருக்கும் வடிகட்டிதான் வேடிக்கையாம். அதில் நத்தை வந்திருக்கிறதாம். இலை, கோலிக்குண்டு எல்லாம் வந்திருக்கிறதாம். ஒரு தடவை மூடியைத் திறந்தால் ஒரு கை. பொம்மையின் கை. விரல் எல்லாம் இருந்ததாம். மீதிப் பொம்மை வரும் என்று ரொம்ப நாள் பார்த்தாராம், வரவேயில்லையாம். அந்தக் கை இன்னும் எங்கேயோ இருக்கிறது, எடுத்துக் காட்டுகிறேன் என்று மேசை இழுப்பறையைத் துழாவினார். கிடைக்கவில்லை. கிடைக்காத கோபத்தில் முதலாளியைப் பிடித்துக்கொண்டார்.

முதலாளியிடம் இந்தப் பைப்பை மாற்றுங்கள் என்று இவர் கேட்டாராம். நாலும் கிழடு தட்டிவிட்டன, உள்ளே எல்லாம் உதிர்கிறது என்றாராம். ஓடுதில்ல, ஓடட்டும் என்றாராம் முதலாளி. அடுத்த வாரமே தனக்கு ஒரு சுழல் நாற்காலி வாங்கினாராம். சாயும், சுத்தும், ஏறும், இறங்கும்.

“பைப்பு ஓடுது, நாற்காலி சுத்துது... நான் மட்டும் நின்ன எடத்துலயே நிக்கறேன். நல்ல நியாயம்.”

கடிகாரத்தை அவள் பார்த்தாள். ஹாலில் முதலாளி வரும் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. பாய்லர்காரர் தேநீர் போடக் கிளம்பினார். பைப்பு மேலே ஓரமாக ஒரு சின்னப் பாத்திரம் எப்போதும் கொதித்துக்கொண்டிருந்தது. அதில் தூளைப் போட்டபடியே, முதுகைக் காட்டிக்கொண்டே பேசினார்.

“இந்த ஹாலுக்குள்ள நான் போறதே இல்ல, தெரியுமா? பொம்பளைங்க வேல செய்யற எடம், அந்தச் சூடு வேற. யாரு வர்றா, யாரு போறான்னு எனக்கு ஒண்ணும் தெரியாது. ஆனா சேதி மட்டும் வந்துடும். இப்ப ஒருத்தி இருக்காளாமே, நாலாம் மேசை... தேய்க்கற துணியெல்லாம் புள்ளி புள்ளியாக்கி வைக்கறாளாம். ஓட்டல்காரன் மூட்டையத் திருப்பி வீசிட்டானாம். நீ பாத்திருப்பியே அவள?”

அவள் தன் கைகளைப் பார்த்தாள். பிறகு அந்தக் கைகளை ஏப்ரனுக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

“முதலாளி காலைல வந்து எங்கிட்ட கேட்டாரு. என்னப்பா, ஸ்டீம்ல ஏதாவது கோளாறான்னு. எங்கிட்டயா கேக்கறீங்கன்னேன். என் ஸ்டீமு பாலு மாதிரி. கையில தான் கோளாறுன்னேன். சின்னப் புள்ள வச்சிருக்காளாம்ல? பிஸ்கட்ட ஊட்டுற கை, மூக்கத் தொடைக்கற கை, அதே கையோட வெள்ளத் துணியத் தொட்டா? புள்ளி விழாம பூவா விழும்? சொல்லிட்டேன். நமக்கு எதுக்கு ஒளிவு மறைவு. அவருக்கும் அது சரின்னு பட்டுச்சு.”

ஒருத்தி மட்டும் என்றால்கூடப் பரவாயில்லையாம். இதற்கு முன்னால் அந்த மேசையில் இருந்தவளும் இப்படியேதானாம். கொஞ்ச காலம் நன்றாகத் தேய்த்தாளாம், பிறகு திடீரென்று அவளுக்கும் கை அழுக்காகிவிட்டதாம். எவ்வளவோ சொல்லிப் பார்த்தார்களாம். அழுதாளாம். அழுதால் புள்ளி போகுமா? அனுப்பிவிட்டார்கள். நல்லவளாகப் பார்த்து எடுங்கள் என்று அப்போதே இவர் முதலாளிக்குச் சொன்னாராம். எடுத்தார்கள், அதுவும் இப்படி. அந்த மேசைக்கென்று தேடிப் பிடித்துக்கொண்டு வருகிறார்களோ என்னவோ என்று அவர் வருத்தப்பட்டார். வருத்தம் உண்மையானதாகத்தான் இருந்தது.

எழுந்து போய்விடலாமா என்று அவளுக்கு இருந்தது. எதைக் கேட்க வந்தாளோ அதற்கு அவர் காலையிலேயே பதில் சொல்லி முடித்துவிட்டார். ஆனால் கால் எழவில்லை. அவர் வேறு ஒரு கண்ணாடி டம்ளரை எடுத்து அவள் முன்னால் வைத்துவிட்டார்.

டம்ளர் வாயில் ஒரு குழலைச் செருகினார். விரல் நீளத்தைவிடக் கொஞ்சம் அதிகம், சோளக்கதிர் கனம், உடம்பெல்லாம் பொடிப் பொடி ஓட்டை. ஒரு பக்கம் அடைத்திருந்தது. அதற்குள்ளே தேநீரைச் சாய்த்தார். தூள் எல்லாம் குழலுக்குள் நின்றுவிட்டது. டம்ளரில் இறங்கியது தேன் மாதிரி தெளிவாக இருந்தது. அவர் டம்ளரைத் தூக்கி வெளிச்சத்தில் காட்டினார்.

“பாரு. ஒரு தூளு இருக்கா? தேடிப் பாரு. கடையில விக்கறானே வடிகட்டி, அதெல்லாம் எதுக்காவும்? இது ஒசத்தி இரும்பு. துருவே பிடிக்காது. குடி, குடி... குடிச்சிட்டுச் சொல்லு.”

அவள் குடித்தாள். நல்ல தேநீர். மறுக்க முடியாது.

“இது எங்க கெடைச்சுதுன்னு கேளு. நீ கேக்க மாட்டே, நானே சொல்றேன். அந்த நாலாம் பைப்பு இருக்குல்ல, நாலுலயும் பெரிய இம்சை அதுதான். கடைசிப் பைப்பு பாரு... வழியில இருக்கற குப்பையெல்லாம் கடைசில வந்துதான் நிக்கும். மத்த மூணையும் வாரத்துக்கு ஒரு தடவ தொறந்து கழுவுனா போதும். இது தெனமும் அடைச்சுக்கும். ஸ்டீம் வரலன்னு உள்ளேர்ந்து கத்துவாங்க. நான் வால்வ மூடி, ஆற வச்சு, ஸ்பானர் போட்டு, மூடியக் கழட்டி, இதக் கழுவி, திரும்ப மாட்டி... ஒரு நாளு ஆறறதுக்குள்ள தொறந்துட்டேன். இதோ பாரு, தழும்பு.”

தழும்பைக் காட்டினார். முழங்கைக்குக் கீழே நிஜமாகவே பெரிய தழும்பு.

“அன்னைக்கு ராவெல்லாம் எரிச்சல். தூங்காம யோசிச்சேன். ஏன் அடைக்குது? துரு வருது, அதனால அடைக்குதுன்னு எல்லாரும் சொல்வாங்க. தப்பு. துரு பாட்டுக்கு வருது, அது பாட்டுக்குப் போவப் போவுது. அதப் பிடிச்சு நிறுத்தறது யாரு? இதுதான். அப்ப அடைக்கறது துருவா, சல்லடையா? சல்லடைம்மா. இது இருக்கறதாலதான் அடைக்குது. மறுநாள் காலைல இத வெளிய எடுத்தேன். வெறும் மூடியத் திருப்பி மாட்டுனேன். முடிஞ்சுது. அன்னைலேர்ந்து இன்னைக்கு வரைக்கும் ஒரு நாளு... ஒரே ஒரு நாளு நாலாம் பைப்பு அடைச்சுதுன்னு எவளாவது வந்து நின்னிருப்பாளா? முதலாளியே சொன்னாரு, கடைசி மேசைல இப்பத்தான்யா ஸ்டீமு சும்மா பிச்சுக்கிட்டு வருதுன்னு. நான் எதாலன்னு சொல்லல. நமக்கு எதுக்குப் பெரும.”

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள்.

சுவரில் இருந்த நாலாவது பைப்பைப் பார்த்தாள். சாய்ந்து நின்ற அந்தக் குட்டைக் கிளை, மற்ற மூன்றைப் போலவேதான் இருந்தது. மூடியும் அப்படியே. வெளியிலிருந்து பார்த்தால் உள்ளே ஒன்றும் இல்லை என்று யாருக்கும் தெரியாது. அதற்குப் பிறகு அந்தப் பைப்பு வளைந்து, சுவருக்குள் நுழைந்து, ஹாலுக்குப் போய், அவள் மேசைக்கு இறங்குகிறது. வழியில் உதிர்ந்தது எல்லாம் நேராக அவள் விரிப்புக்கு வந்து சேர்கிறது. அவள் எத்தனை தடவை கையைக் கழுவியிருப்பாள். விரல் நுனியெல்லாம் வெளுத்து ஊறிப் போகும் அளவுக்குக் கழுவியிருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை வேலை இல்லாத நாள், அன்றைக்கு வந்து மற்ற மூன்று பைப்பிலும் இதே மாதிரி எடுத்துவிடப் போவதாக அவர் சொன்னார். எல்லா மேசைக்கும் நல்லது நடக்கட்டுமே என்றார். ஒன்றை வீட்டுக்கு எடுத்துப் போய் மனைவிக்குக் கொடுக்கலாம் என்றும் ஒரு யோசனை இருந்தது. உடனே வேண்டாம் என்று தோன்றியது. அவள் அதையும் குழாயில் கட்டிவிடுவாள்.

இதற்குள் நீராவி அழுத்தம் காட்டும் கேஜில் முள் கொஞ்சம் இறங்கியது. அவர் திட்டிக்கொண்டே பாய்லருக்குப் பின்பக்கம் போனார். குரல் மட்டும் இந்தப் பக்கம் வந்துகொண்டிருந்தது. இப்போது பேச்சு பம்பு மோட்டாரைப் பற்றி. மோட்டாரை விற்றவன் இவருடைய சம்பந்திக்கு ஏதோ உறவாம், அதனால் குறை சொல்லவும் முடியவில்லையாம்.

அவள் எழுந்தாள். குழலை எடுத்து, உள்ளே இருந்த தூளை ஓரத்தில் தட்டினாள். ஏப்ரன் பைக்குள் போட்டுக்கொண்டாள். திருட்டு என்று ஒரு கணம் தோன்றியது. தன் மேசைக்குப் போகும் பைப்பிலிருந்து எடுத்த சாமானைத் தான் எடுப்பது எப்படித் திருட்டாகும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள். சமாதானம் பாதிதான் ஆயிற்று. சாப்பாட்டு டப்பாவை மறந்துவிட்டு வெளியே வந்தாள்.

“...அதுல பாரு, சம்பந்தி என்ன சொல்றான்னா...” என்று அவர் ஸ்டூலுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஹாலில் முதலாளி வந்திருந்தார். அவள் மேசை மேல் திரும்பி வந்த விரிப்பு விரித்துக் கிடந்தது. சூப்பர்வைசரம்மா ஒவ்வொரு புள்ளியையும் விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டிக்கொண்டிருந்தாள், வரைபடத்தில் ஊர் காட்டுகிற மாதிரி. அவளுடைய பையையும் பிள்ளையின் பால் பாட்டிலையும் யாரோ முன்கூட்டியே கொண்டுவந்து வாசல் ஓரத்தில் வைத்திருந்தார்கள். பாட்டிலின் மூடி சரியாக மூடவில்லை. முதலில் அதைத்தான் அவள் பார்த்தாள்.

இது எப்படி வந்தது என்று முதலாளி கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. அவள் ஏப்ரன் பைக்குள் கையை விட்டுக் குழலைப் பிடித்துக்கொண்டாள். வரும் வழியெல்லாம் சொல்லவேண்டியதைக் கோத்து வைத்திருந்தாள். இது பைப்புக்குள் இருக்கவேண்டியது, இல்லாததால் புள்ளி வருகிறது. அவ்வளவுதான், சின்ன விஷயம். ஆனால் அந்த ஹாலில் எல்லார் கண்ணும் அவள் மேல் இருந்தது. கோத்து வைத்ததில் முதல் சொல் எதுவென்று தேடினாள். மூணாம் மேசை அக்கா கண்ணாலேயே சொல்லு சொல்லு என்றாள்.

“உனக்கே தெரியுது, இனிமே முடியாதுன்னு,” என்றார் முதலாளி. “இன்னையோட...”

அப்போது ஹால் கதவு திறந்தது. எத்தனையோ காலமாக அந்தக் கதவைத் தாண்டாத பாய்லர்காரர் முழங்காலைத் தாங்கிப் பிடித்தபடி உள்ளே வந்தார். கையில் அவளுடைய டப்பா. யாரையும் பார்க்கவில்லை, நேராக முதலாளிக்கு முன்னால் வந்து நின்றார்.

“முதலாளி, இதுக்கு ஒரு வழி பண்ணுங்க. இனிமே ஒருத்தியும் என் ரூமுக்கு வரக் கூடாது. பாவமேன்னு உக்கார வச்சு டீ குடுத்தா, பின்னாடி திரும்பறதுக்குள்ள என் வடிகட்டியத் தூக்கிட்டுப் போயிட்டா. ஒரு வார்த்த பேசாம உக்காந்திருந்தா, நல்ல பொண்ணுன்னு நெனச்சேன்... பேசாத ஆளுங்கள நம்பக் கூடாதுன்னு என் மருமகன வச்சே எனக்குத் தெரிஞ்சிருக்கணும். டப்பாவக்கூட விட்டுட்டு ஓடியிருக்கா. டப்பாவ வச்சு ஆளக் கண்டுபிடிங்க.”

இப்போது அதற்கெல்லாம் நேரம் இல்லை, கடையில் ஒரு வடிகட்டி வாங்கிக்கொள் என்றார் முதலாளி.

“கடையிலயா? கடையில அது கெடைக்குமா? அது நான் என் கையால நாலாம் பைப்புலேர்ந்து கழட்டி எடுத்தது.”

முதலாளி விரிப்பிலிருந்து தலையைத் தூக்கினார்.

“எதுலேர்ந்து?”

“நாலாம் பைப்பு. உள்ள இருக்குமே சல்லடை, அது. தெனமும் அடைச்சு உயிர வாங்குச்சு, எடுத்துட்டேன். அதுக்கப்புறம்தான் ஸ்டீமு நல்லா வருதுன்னு நீங்களே சொன்னீங்க. நெனப்பிருக்கா?”

முதலாளி அண்ணாந்து சுவரைப் பார்த்தார். பைப்பு சுவரைத் துளைத்து வரும் இடத்திலிருந்து ஆரம்பித்து, அவர் கண் அதோடேயே நடந்து, வளைவில் திரும்பி, நாலாம் மேசைக்கு இறங்கியது. கூடையிலிருந்து வெள்ளைத் துண்டு ஒன்றை எடுத்தார். மூணாம் மேசையில் பிடித்து, நீராவி விடும் மிதியைக் காலால் அழுத்தினார். துண்டு நனைந்து வெள்ளையாகவே இருந்தது. நாலாம் மேசையில் பிடித்து அழுத்தினார். துண்டை விரித்தபோது கடுகு சிதறின மாதிரி அதே பழுப்புப் புள்ளிகள்.

பாய்லர்காரர்தான் கிட்டே வந்து குனிந்து பார்த்தார்.

“ச்சீ, என்ன இவ்வளவு அழுக்கா வருது? யாரு இந்தப் பைப்ப இப்படி வச்சிருக்கறது?”

எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். கேள்வி திரும்பித் தன்னிடமே வருவதை அவர் முகம் மெதுவாகத் தெரிந்துகொண்டது.

அவள் ஏப்ரன் பைக்குள்ளிருந்து குழலை எடுத்து நீட்டினாள். அதிலிருந்து ஒரு சொட்டுத் தேநீர் விரிப்பில் விழுந்தது. சூப்பர்வைசரம்மா அதை மட்டும் விரலால் காட்டவில்லை.

மூணாம் மேசை அக்கா அப்போது, யாரையும் பார்க்காமல், இந்த மேசையில் முன்னால் இருந்தவள் எங்கே குடியிருந்தாள் என்று கேட்டாள். சூப்பர்வைசரம்மாவுக்குத் தெரியவில்லை. முதலாளிக்கும் தெரியவில்லை. முதலாளி துண்டை நாலாக மடித்தார், அதற்கப்புறம் எட்டாகவும் மடித்தார். இப்பவே போய் மாட்டு, நானும் கூட வர்றேன், மாட்டுறத நான் பாக்கணும் என்று பாய்லர்காரரிடம் சொன்னார். அவள் பக்கம் திரும்பி ஏதோ சொல்ல வந்து, விரிப்பைப் பார்த்தார்.

“நீ உன் வேலையப் பாரும்மா,” என்றார்.

சூப்பர்வைசரம்மா வாசலுக்குப் போய், பையையும் பால் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு மடிக்கும் அறைக்கு நடந்தாள். போகும் வழியில் பாட்டில் மூடியைத் திருகி இறுக்கினாள். பிள்ளை எழுந்துவிட்டான் போலிருக்கிறது, உள்ளேயிருந்து கூடையைத் தட்டும் சத்தம் கேட்டது.

பாய்லர்காரர் ஒரு கையில் சல்லடை, ஒரு கையில் டப்பாவோடு கதவு வரைக்கும் போனார். அங்கே நின்று டப்பாவைப் பார்த்தார். திரும்பி வந்து அதை நாலாம் மேசை ஓரத்தில் வைத்தார். முதல் தடவையாக அவள் முகத்தை ஒழுங்காகப் பார்த்தார்.

“நாலாம் மேசை நீதானா? அவ்வளவு நேரம் எதிரிலயே உக்காந்திருந்தியேம்மா... வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?”

அவள் பதில் சொல்ல வாயெடுத்தாள். அவர் அதற்குள், இனிமேல் தேநீரை எதில் வடிகட்டுவது என்று முதலாளியைக் கேட்டுக்கொண்டே வெளியே போயிருந்தார்.